கிரேன் அண்ணாச்சி ட்ரோன் இறக்கிய கதை

ஒரு எருமை மாட்டுக்காக முக்கால் மணி நேரம் ஆகாயத்தையே நிறுத்தி வைத்த மனுஷன் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் கிரேன் அண்ணாச்சி. பூமி பெரிதாச்சே, எல்லா ஊரையும் நீ போய்ப் பார்த்தாயா என்று யாராவது கேட்டால், பார்க்கவில்லைதான். ஆனாலும் ஒருவர்தான்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் ஆபீஸ் பதிவேட்டில் இருக்கிறது. எழுதினது நான்தான், எனக்கே மறந்துவிட்டது. முத்தையாபுரத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி அந்தப் பெயரைச் சொன்னால், அவர் சம்சாரமே "அப்படி யாரும் இங்கன இல்லையே" என்பாராம். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளும் காலை ஆறு மணிக்கு மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். போவதற்கு இடமில்லை. நின்று யோசித்துவிட்டுப் பால் வாங்கப் போனார், ஹெல்மெட்டோடு.

நான் அப்போது ஏரலில் ஒரு விவசாயிகள் கம்பெனிக்குச் செக்ரட்டரி. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். உரக்கடை மாடியில் ஒரு அறை, ஒரு மேஜை, கை உடைந்த ஒரு நாற்காலி, அந்த நாற்காலியில் நான். எனக்கு மேலே தலைவர் என்று ஒருவர் உண்டு. அவர் வந்தால் நாற்காலி அவருக்கு, நான் ஜன்னலில்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு திட்டத்தில் ட்ரோன் வந்தது. தானமாக இல்லை. மாவட்டத்திலிருந்து ஒரு ஆபீசர் வருவார், வேலையைப் பார்ப்பார், திருப்தி என்றால் ட்ரோன் எங்களுக்கு. இல்லையென்றால் வேறு ஊருக்கு. பெட்டியைத் திறந்தால் ஆறு கையும் மடங்கி, கவிழ்த்துப் போட்ட நண்டு மாதிரி கிடந்தது. நடுவில் மருந்து ஊற்ற ஒரு டாங்க். ஊரே சுற்றி நின்று பார்த்தது. "இதா பறக்கும்?" என்று தலைவரே கேட்டார். வாங்குவதற்குக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

பறந்தே ஆக வேண்டிய நிலைமை. காரணம் அமலை. புத்தகத்தில் ஆகாயத்தாமரை என்று அழகாகப் போட்டிருப்பார்கள். எங்கள் பக்கம் அமலைச்செடி. எந்தச் சீமையிலிருந்தோ வந்த சனியன். நீலப் பூ பூத்து லட்சணமாக மிதக்கும். அந்த லட்சணத்தை நம்பினால் தொலைந்தோம். கொற்கைக்குப் பக்கத்தில் எங்கள் குளம் தண்ணீர் ததும்ப நின்றது, ஆனால் தண்ணீரைக் கண்ணால் பார்க்க முடியாது. கரைக்குக் கரை பச்சை. வெளியூர்க்காரன் ஒருத்தன் மைதானம் என்று நினைத்து பைக்கை இறக்கிவிட்டான், கயிறு போட்டு இழுத்தோம். அமலையை வார ஒரு ஜேசிபி இறங்கியது, அதை இழுக்க இன்னொரு ஜேசிபி வந்தது. ஆள் வைத்து வாரினால் பதினைந்து நாளில் மறுபடி முளைத்துச் சிரிக்கும். மடையின் வாயில் அது அடைத்துக்கொண்டதால், குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் வாய்க்காலில் சொட்டு இறங்கவில்லை.

அந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் செல்லக்கனியின் கொடிக்காலுக்கு. குளத்துக்கு மேற்கே, கரையை ஒட்டியே அவளுடைய வெற்றிலைத் தோட்டம். அகத்தி மரத்தில் கொடி ஏற்றி, பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்து வைத்திருந்தாள். வெற்றிலைக்கு வேரில் ஈரம் குறையவே கூடாது. வாய்க்கால் வறண்டதால், அவளும் புருஷனும் தூரத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அமலை மேல் களைக்கொல்லி தெளிக்க வேளாண்மை ஆபீசில் ஒப்புதல் கொடுத்தார்கள், ஏகப்பட்ட நிபந்தனைகளோடு. குளம் மொத்தத்தையும் ஒரே நாளில் அடிக்கக் கூடாது, முதலில் மடைக்கு முன்னால் ஒரு பங்கு மட்டும். மடையைப் பலகை போட்டு அடைத்துவிட்டு அடிக்க வேண்டும், அவர்கள் சொல்கிற நாள் வரை திறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, காற்று கொடிக்கால் பக்கம் வீசும்போது அடிக்கவே கூடாது. அந்த மருந்தின் தூறல் ஒன்று பட்டாலும் வெற்றிலை சுருண்டுவிடும். தூறல் விழாமல் அடிக்க ஒரு ஆள் வேண்டும். எங்களிடம் ஆளே இல்லை. பயிற்சிக்கு அனுப்பிய இரண்டு பேர் சான்றிதழ் கைக்கு வந்ததும் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டார்கள்.

எங்கே கேள்விப்பட்டாரோ, அப்போதுதான் மஞ்சள் ஹெல்மெட் மாடிப்படி ஏறி வந்தது.

"அண்ணாச்சி, ட்ரோன் ஓட்டிருவீங்களா?" என்றார் தலைவர்.

"ஓட்டுதது யாரு வேணாலும் ஓட்டுவான். மேல ஏத்துதது அத விட லேசு. எறக்கணும்லா? எறக்கத் தெரிஞ்சவன் எத்தன பேரு இருக்கான்?"

"இது வயக்காடு அண்ணாச்சி. ஹார்பர் இல்ல."

"யாரு சொன்னா? பாண்டியன் காலத்துல கொற்கைதான் ஹார்பருன்னு சொல்லுதாவ. அப்ப இது எனக்கு ட்ரான்ஸ்பர்தாம் வே."

இதற்கு மேல் என்ன கேட்பது? பயிற்சிக்கு அனுப்பினோம். ஒரு வாரத்தில் சான்றிதழோடு திரும்பினார். பின்னாலேயே பயிற்சி நிலையத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. "சார், உங்க ஆள் பாடம் கேக்க வந்தாரா, நடத்த வந்தாரா?"

முதல் நாள் வெறும் தண்ணீர் ஊற்றி ஒத்திகை. அண்ணாச்சி நாலு தேங்காய்ச் சிரட்டையை நாலு மூலையில் வைத்து, நடுவில் ட்ரோனை நிறுத்தினார். ஹெல்மெட் வாரை இறுக்கினார். எனக்கும் ஒரு ஹெல்மெட் கொடுத்தார். பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் என் கையில் திணித்து, "ஏலே செக்ரட்டரி, நீதான் சிக்னல்மேன்" என்றார்.

"உங்களுக்குத்தான் கண்ணு இருக்கே அண்ணாச்சி. கையில ஸ்கிரீன் வேற இருக்கு."

"என் கண்ணு லோடப் பாக்கும். லோடுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு பாக்க இன்னொரு கண்ணு வேணும். சிக்னல் இல்லாம நான் லோட அசைக்க மாட்டேன்."

ட்ரோனை அவர் ஒரு நாளும் ட்ரோன் என்று சொன்னதில்லை. லோடு. துறைமுகத்தில் ஏற்றுவதற்கு 'அபீஸ்', இறக்குவதற்கு 'ஆரியா' என்று ஒரு பாஷை உண்டாம். எந்த தேசத்துப் பாஷை என்று அங்கே யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாச் சரக்கும் அதற்குக் கட்டுப்படும். "சத்தமாச் சொல்லணும், வெக்கப்படப்படாது" என்றார். நான் வெட்கத்தை விட்டு, கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். "அபீஸ்! அபீஸ்!"

கரைக்கு அந்தப் பக்கம் புளிய மரத்தடியில் நூறு நாள் வேலைக்காரர்கள் ஒரு முப்பது பேர் படுத்திருந்தார்கள். "ஏளா, ஆபீசரு வாராவளாம்!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், முப்பது மண்வெட்டியும் ஒரே நேரத்தில் மண்ணில் இறங்கியது. நான் அபீஸ் என்று கத்தக் கத்த அவர்கள் வெட்ட, அவர்கள் வெட்ட வெட்ட ட்ரோன் ஏற, மத்தியானத்துக்குள் ஒரு வாய்க்கால் முழுக்கத் தூர்வாரி முடிந்தது. அந்த வாய்க்கால் இன்றைக்கும் எங்கள் ஊரிலேயே சீரான வாய்க்கால்.

ட்ரோன் ஒரேயடியாக மேலே போகவில்லை. ஒரு அடி தூக்கினார், நிறுத்தினார். அப்படியே அந்தரத்தில் நிற்க, வாய்க்குள் இருபது வரை எண்ணினார். பிறகுதான் மேலே. "முதல் ஒரு அடியிலேயே லோடு தன் குணத்தச் சொல்லிரும்" என்பார். அப்புறம் இறக்கம். நாலு சிரட்டைக்கும் நடுவில், எழும்பின அதே தடத்தில், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கினார். புழுதிகூட எழும்பவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, செக்ரட்டரி அல்லவா.

இரண்டாம் நாள்தான் அந்த எருமை. நடுக்குளத்தில் அமலைக்குள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சுகமாகக் கிடந்தது. அன்றைக்கும் வெறும் தண்ணீர்தான். "லோடுக்குக் கீழ உசுரு நிக்கப்படாது" என்று அண்ணாச்சி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். கல் எறிந்தோம், தகரம் தட்டினோம், மாட்டுக்காரரை வீட்டிலிருந்து கூட்டி வந்தோம். மாட்டுக்காரர் குளத்தைப் பார்த்து, "அது எனக்கே அடங்காது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

"அண்ணாச்சி, எருமைக்குத் தண்ணி பட்டா என்ன ஆயிரும்? அது தண்ணிக்குள்ளதான கெடக்கு?" என்று நான் கத்தினேன்.

"இன்னைக்குத் தண்ணின்னு விட்டா நாளைக்கு மருந்துன்னும் விடுவேன். கை பழகிரும்லே" என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து எருமை தானாக மனமிரங்கிக் கரையேறிப் போனது. அண்ணாச்சி எழுந்து நின்று அதற்கு வழிவிட்டார். அன்றைக்கே என் சிக்னல்மேன் உத்தியோகமும் போனது. கொசு கடிக்கிறதென்று கையை ஆட்டினேன், அதை 'இடப்பக்கம் திருப்பு' என்று அண்ணாச்சி எடுத்துக்கொள்ள, ட்ரோன் திரும்பிவிட்டது. "ஒனக்குக் கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம்" என்று கொடியைப் பிடுங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை செல்லக்கனி வந்தாள். வாடிப்போன வெற்றிலைக் கொடியை ஒரு கட்டு சுமந்து வந்து, அண்ணாச்சியின் காலடியில் பொத்தென்று போட்டாள்.

"அமலை இருந்தா என் கொடி தண்ணியில்லாமச் சாவும். நீங்க மருந்தடிச்சா மருந்துல சாவும். எதுல சாவணும்னு கம்பெனியில தீர்மானம் போட்டாச்சோ?"

நான் நிபந்தனைக் காகிதத்தை எடுத்துப் படிக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அண்ணாச்சி ஹெல்மெட்டைக் கழற்றினார். கீழே கிடந்த கொடியை எடுத்து இலை இலையாகத் தடவிப் பார்த்தார். பிறகு கொடிக்காலுக்கு அவள் பின்னாலேயே நடந்து போய், அகத்தி மரங்களின் உச்சியில் துணிக் கிழிசலைக் கட்டிவிட்டு வந்தார், காற்று போகிற திசை தெரிவதற்கு. திரும்பி வந்து சிவப்புக் கொடியை அவள் கையில் கொடுத்தார்.

"இது எதுக்கு?"

"நீ இதக் காட்டுனா நான் நிறுத்திருவேன்."

"தலைவர் அடின்னு சொன்னா?"

"நிறுத்திருவேன்."

"பெரிய ஆபீசரே வந்து அடின்னா?"

"நிறுத்திருவேன் தங்கச்சி. ஹார்பர்ல சட்டம் அது. ஏத்து, எறக்குன்னு சொல்ல ஒருத்தனுக்குத்தான் உரிமை. நிறுத்துன்னு சொல்ல எல்லாத்துக்கும் உரிமை. கூட்டிப் பெருக்குதவ கையக் காட்டுனாலும் லோடு நிக்கும்."

செல்லக்கனி நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அன்றைய ஒத்திகையில் பதினோரு தடவை சிவப்புக் கொடியைத் தூக்கினாள். ஒரு தடவை தும்மல் வந்தது. ஒரு தடவை புருஷனைக் கூப்பிட. ஒரு தடவை, சும்மா. பதினோரு தடவையும் அண்ணாச்சி ஏனென்று கேட்காமல் நிறுத்தி இறக்கினார். பேட்டரி தீர்ந்துபோன கோபத்தில் நான் குதித்தேன்.

"அவ சோதிச்சுப் பாக்கா. பாக்கட்டுமே" என்றார் சாவதானமாக. "பிரேக் பிடிக்கான்னு பாக்காம எவன்லே வண்டியில ஏறுவான்?"

பன்னிரண்டாவது தடவை அவள் கொடியைத் தூக்கவில்லை. தலையில் மல்லிகைப்பூவுக்கு மேலேயே என் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு, கை சைகை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். அன்று முதல் என் இடத்தில் அவள்தான் சிக்னல்மேன். ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுழற்றினால் ஏற்று. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. ஒரு வாரத்தில் வீட்டிலும் இதே பாஷைதான் என்று அவள் புருஷன் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார். விரலைக் கீழே காட்டிச் சுழற்றுகிறாளாம், இவர் உட்கார வேண்டுமாம்.

ஆபீசர் பார்வையிட வரும் நாளும் வந்தது. காலை எட்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பந்தல், பிளக்ஸ், இளநீர், எல்லாம் தயார். மடையை அடைத்தாயிற்று, மருந்தும் கலந்து வைத்தாயிற்று. எட்டானது, ஒன்பதானது, காற்றில்லாமல் குளம் தூங்கியது. பத்தானது. ஆபீசர் வந்து இறங்கும்போது மணி பதினொன்றரை. அவருக்கு முன்னாலேயே கடல்காற்று வந்துவிட்டது. அகத்தி உச்சியில் கட்டின துணியெல்லாம் கொடிக்கால் பக்கம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி ட்ரோனுக்கு முன்னால் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் போல" என்று கெஞ்சினார் தலைவர்.

"காத்து கொஞ்சம் போலவா அடிக்கி?"

"வெறுந்தண்ணி ஊத்திக் காட்டலாமே" என்றேன் நான். அதற்கு அண்ணாச்சி சம்மதம் என்றார். ஆபீசர்தான் தலையை ஆட்டினார். "களை அழிப்புன்னு ரிப்போர்ட் கேக்காங்க. தண்ணி தெளிச்சத நான் எப்படி எழுத? இன்னிக்கு வேலை நடக்கலைன்னா நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வண்டி வரும். ட்ரோன் அடுத்த ஊருக்குப் போயிரும். நான் ஒண்ணும் செய்ய முடியாது." மனுஷர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒரு ஆபீசர் இருந்தார்.

எல்லாரும் செல்லக்கனியைப் பார்த்தோம். அவள் குளத்தைப் பார்த்தாள், கொடிக்காலைப் பார்த்தாள். ட்ரோன் போனால் அமலை இருக்கும், அமலை இருந்தால் தண்ணீர் இல்லை. இன்னும் எத்தனை நாள் குடம் சுமப்பது? அவள் சிவப்புக் கொடியைத் தரையில் வைத்தாள். வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுழற்றினாள்.

"அபீஸ்" என்றாள். "ஏத்துங்க அண்ணாச்சி. பாதிக் கொடி செத்தாலும் பாதி மிஞ்சும்லா. நான்தான சொல்லுதேன்?"

ஏற்று என்று சொல்ல உரிமையுள்ள ஒரே ஆள் சொல்லிவிட்டாள். இனி அவர் என்ன செய்வார்? அண்ணாச்சி மெதுவாக எழுந்து வந்தார். தரையில் கிடந்த சிவப்புக் கொடியை எடுத்தார். கையை நீட்டி, தன் முகத்துக்கு நேராகத் தானே பிடித்துக் காட்டிக்கொண்டார். அப்புறம் போய்ப் பழையபடி ஹெல்மெட் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன வே இது?" என்று தலைவர் அலறினார்.

"நிறுத்துன்னு எல்லாரும் சொல்லலாம்னேம்லா. அந்த எல்லாத்துலயும் நானும் சேத்திதான?"

யாரோ சிரித்தார்கள். பிறகு பந்தல் முழுக்கச் சிரித்தது. ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். கார் போனதும் எனக்கு வந்ததே ஆத்திரம்! ஊரே பார்க்க, "உங்க ஹெல்மெட்ட எடுத்துக்கிட்டு ஹார்பருக்கே போயிருங்க. அங்கதான் உங்கள மாதிரி ஆளுக்கு இடம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. செல்லக்கனியிடம் கேட்டார். "ஏளா, காலைல காத்து எப்ப எழும்பும்?"

"ஒம்பதரை வரைக்கும் இலை அசையாது."

"வண்டி பத்துக்குத்தான வருது? விடிய வாரேன்."

முதல் பஸ்ஸை நம்பாமல் மீன் வண்டியில் ஏறி வந்தார். இருள் பிரியும்போது கரையில் மீன் வாசத்தோடு நின்றார். சிரட்டை நாலும் வைத்தாயிற்று. தலைவர் தூக்கக் கலக்கத்தோடு ஜெனரேட்டர் பக்கத்தில் பேட்டரி மாற்ற உட்கார்ந்தார். செல்லக்கனியின் புருஷன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நான் தலை குனிந்து மருந்து கலந்தேன். வெளிச்சம் வந்ததும் செல்லக்கனி கரையின் திருப்பத்தில் கொடியோடு நின்றாள்.

அதன் பிறகு நான் கண்டதை எப்படிச் சொல்வது? ஒரு அடி தூக்கி, இருபது எண்ணி, ட்ரோன் அமலைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் போனது. ஒரு வரிசை, திரும்பி அடுத்த வரிசை. நெசவுத் தறியில் நாடா போய் வருகிற மாதிரி ஒழுங்கு. எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே தூறல் விழுந்தது, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. கொடிக்காலை ஒட்டின ஓரத்தை அவர் தொடவே இல்லை, அதைக் கையால் பறிக்கச் சொல்லிவிட்டார். ஒரு கூச்சலில்லை, ஒரு பதற்றமில்லை. அவர் கண் ட்ரோனை விட்டு அகலவில்லை, அவள் கண் அகத்தி உச்சியை விட்டு அகலவில்லை. எத்தனையோ தேர் நிலைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன், கப்பல் கரை சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கைகூப்பத் தோன்றியது அன்றைக்குத்தான்.

நடுவில் ஒரே ஒரு தடவை சிவப்புக் கொடி எழுந்தது. துணி லேசாகப் புரண்டிருந்தது, என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அவர் உடனே இறக்கிவிட்டு, காற்று படியும் வரை உட்கார்ந்திருந்து மறுபடி தொடங்கினார். மணி ஒன்பதே காலுக்கு மறுபடி கொடி. கடல்காற்று அன்றைக்குக் கொஞ்சம் முந்திவிட்டது.

"அண்ணாச்சி, இன்னும் ஒரே ஒரு வரிசைதான்!" என்று என்னை அறியாமல் கத்தினேன்.

"அதையும் கையால பறிச்சுக்கிடுங்க" என்றார். ட்ரோன் இறங்கிவிட்டது.

பத்து மணிக்கு வண்டி வந்தபோது ட்ரோன் கழுவித் துடைத்து, கை மடக்கி, பெட்டிக்குள் தயாராக இருந்தது. அண்ணாச்சியே வண்டியில் ஏற்றி வைத்தார். வண்டிக்காரரிடம் ரொம்ப நேரம் என்னவோ சொன்னார். அப்புறம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

எடுத்துப் போன ஊரில் அந்த ட்ரோனை ஓட்டியவர் முதல் வாரமே அதைக் கொண்டுபோய்ப் பனை உச்சியில் உட்காரவைத்துவிட்டார். பனையேறி ஒருவரை அழைத்து, பதநீர்க் கலயத்தை இறக்குகிற மாதிரி கயிற்றில் கட்டி இறக்கினார்களாம், ஒரு கை ஒடிந்து. ஆபீசரே எனக்குப் போன் செய்தார். "அந்தச் சிவப்புக் கொடிக்காரர் இன்னும் இருக்காரா?" இருக்கிறார் என்றேன். பழுது பார்த்து எங்களுக்கே அனுப்பி வைத்தார்கள். கிரேன் அண்ணாச்சி பெட்டியைத் திறந்து, ஒடிந்து ஒட்டின அதன் கையைத் தடவிக் கொடுத்தார்.

இதற்குள் மடைக்கு முன்னால் அமலை பழுப்பாகிக் கருகி அமிழ்ந்தது. செத்ததை எல்லாம் ஊரே சேர்ந்து வாரிக் கரையேற்றியது. பறிக்க வேண்டிய ஓரத்தையும் அந்த ஒரு வரிசையையும் நான் இறங்கிக் கையால் பறித்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். வேளாண்மை ஆபீசில் சொன்ன நாள் வந்ததும் மடைப் பலகையை எடுத்தார்கள். தண்ணீர் முதலில் வரமாட்டேன் என்று சிணுங்கி, அப்புறம் குபுகுபுவென்று வாய்க்காலில் இறங்கி, கொடிக்காலுக்குள் நுழைந்தது. செல்லக்கனி தண்ணீரைப் பார்க்கவில்லை. வரிசை வரிசையாக நடந்து, எட்டுகிற இலையை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசி வரிசை முடிந்து எங்களிடம் வந்தபோது முகமெல்லாம் ஈரம்.

"ஒரு இலை சுருளல அண்ணாச்சி" என்றாள். "ஒண்ணுகூட."

அவர் வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். இத்தனை பயந்து பயந்து வேலை செய்கிற மனுஷருக்குத் துறைமுகத்தில் ஏதோ பெரிய விபத்து நடந்திருக்க வேண்டும், யாரோ செத்திருக்க வேண்டும் என்று நானாக ஒரு கதை வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே விட்டேன். "அண்ணாச்சி, ஹார்பர்ல உங்க கையில என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல" என்றார்.

"சும்மா சொல்லுங்க."

"ஏலே, முப்பத்தோரு வருசம். கீழ எத்தன ஆயிரம் பேரு நடந்திருப்பான்? ஒண்ணும் நடக்கல. அது என்ன லேசுப்பட்ட காரியம்னா நெனைக்க?"

அன்றைக்குப் பந்தலில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் எழுந்தார். செல்லக்கனி முதல் ஈரம் கண்ட கொடியிலிருந்து ஒரு கவுளி வெற்றிலையைக் கிள்ளி, வாழை மட்டையில் கட்டிக் கொடுத்தாள். அவருக்கு வெற்றிலை பழக்கமே கிடையாது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நாங்கள் இருவரும் ரோடு வரைக்கும் போய் அவரைப் பஸ் ஏற்றினோம். பஸ் நகர்ந்தும் செல்லக்கனி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நின்ற ஒரு வெளியூர் அம்மா அவளிடம், "யாரும்மா அது, கூடப் பொறந்த அண்ணனா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் செல்லக்கனி, கொஞ்சம்கூட யோசிக்காமல். "எங்க மூத்தவரு."

அந்த அம்மா என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.